விமானத்தைப் பார்த்ததும் சாமி பிறந்துவிடுமா?

அம்பை வாசகி:
பசிபிக் கடலில் வனுவாட்டு நாட்டைச் சேர்ந்த தன்னா தீவுக்காரர்கள் அமெரிக்க விமானங்களைக் கண்டு மிரண்டதால்தான் ஜான் ஃப்ரம் வழிபாடு (ஜான் ஃப்ரம் என்பவர் வந்து நல்ல காலம் தருவார் என்ற நம்பிக்கை) தோன்றியது என்று பாடக்குறிப்பில் இருக்கிறது. இதை வகுப்பில் அப்படியே சொல்லலாமா? நம் பக்கத்து உதாரணம் உண்டா?

தேரிக்காட்டான்:
சொல்லாதீங்க, ஆண்டுக் கணக்கு இடிக்கும். ஜான் ஃப்ரம் பேச்சு 1940இலேயே பதிவாகிவிட்டது. 1941இல் ஜனங்கள் கிறிஸ்தவ மிஷன் கோயில்களை விட்டுக் கூட்டமாக வெளியேறினார்கள், கைக்காசையும் செலவழித்துத் தீர்த்தார்கள். அமெரிக்கப் படை அந்தத் தீவுக்கூட்டத்தில் இறங்கியதோ 1942இல். காவா என்ற வேர்ச்சாற்றைக் குடிப்பதையும் பழைய ஆட்டங்களையும் மிஷன் தடுத்துவைத்திருந்தது. முதலில் பற்றியது அந்த ஆத்திரம். விமானமும் லாரியும் பின்னால் வந்து சேர்ந்த விறகு. அமெரிக்கக் கொடியை வெளிப்படையாக ஏற்றியது 1957 பிப்ரவரி 15. மூங்கில் துப்பாக்கி அணிவகுப்பு இப்போதும் அந்தத் தேதியில்தான்.

பொருநைக்கரை:
அண்ணாச்சி சொன்னது சரி. கருவி வந்தால் புதுச்சாமி வந்தே தீரும் என்பதும் கிடையாது. ஆஸ்திரேலியாவின் கேப் யார்க்கில் யிர் யோரோண்ட் மக்களைப் பாருங்கள். மானிடவியலாளர் லாரிஸ்டன் ஷார்ப் 1952இல் எழுதியது.

கல்கோடாரிக்கு வேண்டிய மரம், பட்டை, பிசின் எல்லாம் பக்கத்திலேயே கிடைக்கும். கல் மட்டும் தெற்கே 400 மைல் தள்ளியிருந்த கல் வெட்டியெடுக்கும் குழிகளிலிருந்து கைமாறிக் கைமாறி வரவேண்டும். திருக்கைமுள் ஈட்டியைக் கொடுத்துக் கல்லை வாங்குவார்கள். பண்டமாற்று நடப்பது மழையில்லாத காலத்துச் சடங்குக் கூட்டங்களில். கோடாரி பெரிய ஆண்களுக்கே சொந்தம். விறகு வெட்டுகிற பெண்கள் ஒவ்வொரு தடவையும் கேட்டுத்தான் வாங்கணும்.

மிஷன்காரர்கள் இரும்புக் கோடாரியைப் பெண்களுக்கும் இளவட்டங்களுக்கும் நேராகக் கொடுத்தார்கள். மிஷன் பக்கமே போகாத பெரியவர் தன் மனைவியிடம் இரவல் கேட்கும்படி ஆயிற்று. கல்லுக்குத் தேவை குறைந்ததும் ஈட்டிக் கூட்டாளி உறவு தளர்ந்தது, சடங்குக் கூட்டத்தின் களையும் போனது. கல்கோடாரிக்கு ஒரு குலம், ஒரு ஆதிக்கதை உண்டு. இரும்புக்கு எதுவும் இல்லை. எந்தக் குலத்தோடு சேர்ப்பது என்று தடுமாறினார்கள். அங்கே சரக்கு வழிபாடு (வெளியார் சரக்கு தங்களுக்கும் வந்துசேரும் என்று நம்பிக் கும்பிடுவது, தன்னாவில் நடந்த மாதிரி) ஏதும் எழவில்லை, இருந்த நம்பிக்கைதான் கழன்றது. எனக்கு இதுதான் அதிகம் உறைக்கிறது.

தேரிக்காட்டான்:
நம் பக்கத்துக்கு: 1809இல் திருவிதாங்கூர் எல்லை அரணைப் பிடித்த சண்டையில் அடிபட்டு இறந்த ஓர் ஆங்கிலேய அதிகாரியை, அங்கிருந்து சுமார் 25 மைலில் மணற்காட்டில் புதைத்தார்கள். பிற்பாடு அவருக்குச் சாராயமும் சுருட்டும் படைத்துக் கும்பிட்டார்கள், பாட்டும் பாடினார்கள் என்று கால்டுவெல் 1849இல் எழுதினார். துப்பாக்கிக்குப் பயந்து கும்பிட்டதாக இதைப் படிக்கவேண்டாம். அகாலமாகச் செத்தவனுக்கு அவன் உயிரோடிருந்தபோது விரும்பியதைப் படைப்பது மாடன் கோயில்களில் ஏற்கெனவே உள்ள முறை. வெள்ளைக்காரரும் அந்த முறைக்குள் வந்துவிட்டார், அவ்வளவுதான்.

அம்பை வாசகி:
அப்போ பிள்ளைகளை என்ன கேட்கவைக்கலாம்?

பொருநைக்கரை:
நாலு கேள்வி போதும். அந்தப் பொருள் முன்னால் யார் கையில் இருந்தது? எந்த விழாவில் கைமாறியது? புதுசை யார், யாருக்குக் கொடுத்தார்கள்? அதற்கு இடம்கொடுக்கப் பழைய கதையில் எதை மாற்றினார்கள்? முதலில் பலகையில் ஆண்டுகளை வரிசையாக எழுதிப் போடுங்க. தன்னா விஷயத்தில் பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.