பழைய சமையல் எண்ணெயைத் தெளியவைக்க 200 லிட்டர் டிரம்: எப்படி அமைப்பது?

கரிசல்மண்:
தோட்டத்துக் கிணற்றில் 8 ஹெச்.பி. ஆயில் இன்ஜின், 850 ஆர்.பி.எம். பஜ்ஜிக் கடைகளில் வாரம் 40 லிட்டர் பழைய பாமாயில் கிடைக்கிறது; அதைத் தெளியவைத்து இன்ஜினை ஓட்டப் பார்க்கிறேன். கையில் இருப்பவை: 200 லிட்டர் இரும்பு டிரம், 2 கிலோவாட் கீசர் ஹீட்டர், பித்தளை வால்வு, 5 மைக்ரான் பில்டர். 20 லிட்டர் ஊற்றுவதற்குள் பில்டர் அடைத்துக்கொள்கிறது. டிரம்மை எப்படி அமைத்தால் சரியாக வரும்?

மரைசாவி:
பில்டரில் குறை இல்லை. தண்ணீரும் மாவும் பிரியாத எண்ணெயை ஊற்றினால் எந்த 5 மைக்ரானும் அடைக்கத்தான் செய்யும். தண்ணீரைப் பிரிப்பதுதான் டிரம்மின் வேலை.

மேல்தகட்டில் திருகு மூடி உள்ள டிரம் என்றால் தலைகீழாகக் கவிழ்த்துவிடுங்கள். 2 இஞ்சு மூடித்துளை கீழே வரும். அந்தப் பக்கம் 5 செ.மீ. தாழ்ந்து நிற்கிற மாதிரி ஸ்டாண்ட் அடியுங்கள். வடிகால் வால்வு அங்கே. மேலே வந்துவிட்ட அடித்தகட்டை வெட்டி, ஆவி போக வழிவிட்டுத் தளர்வாக மூடுங்கள். முன்பு தின்னரோ பெட்ரோலோ இருந்த டிரம் என்றால் வெட்டவும் கூடாது, வெல்டிங் வைக்கவும் கூடாது. உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும்.

டிரம்மின் விட்டம் ஏறக்குறைய 57 செ.மீ. ஆக, 1 செ.மீ. உயரத்துக்கு இரண்டரை லிட்டர். எண்ணெய் எடுக்கும் வால்வு 12 செ.மீ. உயரத்தில், ஹீட்டர் 20 செ.மீ.யில். 150 லிட்டருக்கு மேல் நிரப்பாதீர்கள்.

பித்தளை வால்வு வேண்டாம். செம்பு கலந்த எதுவும் எண்ணெயைச் சீக்கிரம் பிசினாக்கும். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பும் ஆகாது; எண்ணெயின் அமிலம் துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்பாகிவிடும். எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) பால் வால்வு (ball valve) போடுங்கள்.

பட்டறைக்காரன்:
அண்ணே, ஒரு திருத்தம். ஹீட்டர் மேலேயும் வால்வு கீழேயும் இருந்தால், எண்ணெய் எடுக்கும்போது சுவிட்சை அணைக்க மறந்த அன்று ஹீட்டர் வெளியே தெரியும். பழுத்த ஹீட்டரும் எண்ணெய்ப் படலமும் சேர்ந்தால் தீதான். ஹீட்டரை 15 செ.மீ.யிலும் வால்வை 25 செ.மீ.யிலும் வையுங்கள். அறுபது லிட்டருக்கு மேல் உள்ளேயே நிற்கும், நிற்கட்டும். அடுத்த முறை அதுவும் தெளியும்.

2 கிலோவாட் ஹீட்டரை நேரடியாகக் கொடுத்தால் அதன் மேல் எண்ணெய் கருகி ஒட்டும். ஒரே மாதிரி இரண்டு ஹீட்டர்களைத் தொடராக இணைத்தால் ஒவ்வொன்றும் 500 வாட்தான் இழுக்கும். 150 லிட்டரை 30 டிகிரியிலிருந்து 60க்கு ஏற்ற ஏறக்குறைய 2.3 யூனிட் ஆகும். வீணாகும் சூட்டையும் சேர்த்தால் மூன்று மணி நேரம். செம்பு உறை போட்ட ஹீட்டரை வாங்காதீர்கள். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டால் துண்டிக்க இரண்டாவதாக ஒரு கட்-அவுட், எர்த், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. இந்த மூன்றும் கட்டாயம்.

கரிசல்மண்:
60 டிகிரி வந்தபின் எவ்வளவு நேரம் விட வேண்டும்? தண்ணீர் போய்விட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மரைசாவி:
திருத்தம் சரிதான், வால்வை மேலேயே வையுங்கள்.

60 வந்ததும் கரண்டை நிறுத்திவிடுங்கள். ஹீட்டர் ஓடிக்கொண்டே இருந்தால் எண்ணெய் சுழன்றுகொண்டே இருக்கும், துளிகள் இறங்காது. டிரம்மைச் சுற்றிச் சணல் சாக்கு கட்டி, 24 மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். பிறகு அடி வால்வை மெதுவாகத் திறந்து, தண்ணீரும் கசடும் போய்த் தெளிந்த எண்ணெய் வரும்வரை வடியுங்கள். ஒவ்வொரு முறை சூடேற்றும் முன்பும் இப்படி வடிக்க வேண்டும். அடியில் தேங்கிய தண்ணீர் கொதித்தால் டிரம் முழுதும் பால் பொங்குவது போல் பொங்கி வழியும்.

சோதனை எளிது. காய்ந்த வாணலியைச் சூடாக்கி ஒரு கரண்டி எண்ணெய் விடுங்கள். சடசடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது; இன்னொரு நாள் தெளியவிடுங்கள். இரண்டு நாளாகியும் கலங்கலாகவே நின்றால், பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீர் கலந்திருக்கும். அந்தக் கடை எண்ணெயைத் தனியாக ஒதுக்குங்கள், மற்றதையும் கெடுத்துவிடும்.

நீர்மூழ்கி:
பாமாயில் என்பதால் இன்னொன்று. இது 25 டிகிரிக்குக் கீழே வெண்மையாக உறையத் தொடங்கும். மார்கழிக் காலையில் பில்டரை அடைப்பது பெரும்பாலும் இந்தக் கொழுப்புதான். 40 டிகிரி சூட்டில், முதலில் கொசுவலை, அடுத்து 100 மைக்ரான் பை, கடைசியாக 5 மைக்ரான் என்று வடிகட்டுங்கள்.

இன்ஜினை டீசலில் கிளப்பி, நன்றாகச் சூடானபின் எண்ணெய்க்கு மாற்றுங்கள். நிறுத்துவதற்கு 10 நிமிடம் முன்பு மறுபடியும் டீசல். 40 டிகிரியில்கூட எண்ணெய் டீசலைப் போலப் பத்து மடங்கு கெட்டியாக இருக்கும். குளிர்ந்த இன்ஜினில் சரியாகத் தெளிக்காமல் நாசிலில் கரி கட்டும், பிஸ்டன் ரிங் ஒட்டும். சைலன்சர் சூட்டில் பியூவல் லைனை 70 டிகிரிக்குக் கொண்டுவந்தால் நல்லது. இன்ஜின் ஆயிலைப் பாதிக் காலத்திலேயே மாற்றிவிடுங்கள்.

பட்டறைக்காரன்:
வடிகட்டிய துணிகளை மூலையில் குவிக்காதீர்கள். கடைக்காரர் சூரியகாந்தி எண்ணெய் கலந்திருந்தால், குவியலுக்குள் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். வெளியே விரித்துப் போடுங்கள், இல்லையேல் தண்ணீர் வாளியில் அமுக்கி வையுங்கள்.