தலைவர் வீட்டில் கவிதை வாசிக்க யாரைக் கூப்பிடுவது?

ஆர்.கே.புரம்வாசி:
2003 பிப்ரவரியில் வெள்ளை மாளிகையில் அமெரிக்க அதிபரின் மனைவி லாரா புஷ் ஒரு கவிதைக் கூட்டம் வைத்திருந்தார். விட்மன், எமிலி டிக்கின்சன், லாங்ஸ்டன் ஹியூஸ் என்ற பழைய அமெரிக்கக் கவிஞர்களைப் பற்றிப் பேச. அழைப்பு கிடைத்த சாம் ஹாமில் என்ற கவிஞர், ஈராக் போரை எதிர்த்துக் கவிதை அனுப்பச் சொல்லி நண்பர்களுக்கு எழுதினார். கவிதைகள் குவிந்தன, கூட்டம் நடக்கவே இல்லை. கூப்பிட்ட வீட்டில் போய் வம்பு வளர்ப்பது என்ன நாகரிகம்? யாரைக் கூப்பிடுவது என்பது வீட்டுக்காரர் இஷ்டம். நாளைக்கு நம்ம பிரதமர் வீடு இருக்கிற லோக் கல்யாண் மார்கில் வாசிப்பு வைத்தாலும் இதேதான் சொல்வேன்.

மயூர்விஹார் மாமி:
வீட்டுக்காரரா? வரி கட்டுகிற நாமதான் சார் வீட்டுக்காரர், அவர் குடியிருக்கிறவர். ஹியூஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1953இல், கம்யூனிஸ்டுகளைத் தேடிக்கொண்டிருந்த மெக்கார்த்தியின் செனட் குழு அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. உயிரோடு இருந்தால் விசாரணை, செத்தபிறகு விருந்து.

ஆர்.கே.புரம்வாசி:
பிடிக்காவிட்டால் போகாமல் இருக்கலாமே. 1965இல் அமெரிக்க அதிபர் ஜான்சன் வெள்ளை மாளிகையில் நடத்திய கலைவிழாவுக்குக் கவிஞர் ராபர்ட் லோவெல் வரமாட்டேன் என்று கடிதம் எழுதினார். அது மரியாதை.

மயூர்விஹார் மாமி:
அந்தக் கடிதம் பேப்பரில் வந்து ஊரே சிரித்தது! அதே விழாவுக்கு எழுத்தாளர் ஜான் ஹெர்சி போனார். போய், ஹிரோஷிமா பற்றிய தன் புத்தகத்திலிருந்து வாசித்தார். அதையும் மரியாதைக் கணக்கில் சேர்ப்பீர்களா?

கரோல்பாக் கண்ணாடி:
இதுக்கு நம்மகிட்ட ஏற்கெனவே ஒரு வழி இருக்கு. ஆகாசவாணியின் சர்வபாஷா கவி சம்மேளனம், 1956இலிருந்து. ஒவ்வொரு மொழிக்கும் இடம், கூடவே இந்தி மொழிபெயர்ப்பு. தலைவர் வீட்டிலும் அதையே செய்யட்டும், சண்டையே வராது.

மயூர்விஹார் மாமி:
தமிழுக்கு ஒரு நாற்காலி, சரி. அதில் யார் உட்காருவது? அங்கேதானே சண்டையே.

ஆர்.கே.புரம்வாசி:
அரசன் கூப்பிட்டால் புலவர் பாடிப் பரிசில் வாங்குவது நம்ம மரபு. அதியமானிடம் அவ்வையார் இல்லையா?

கரோல்பாக் கண்ணாடி:
அதே அதியமான், நேரில் பார்க்காமல் பரிசிலை மட்டும் கொடுத்தனுப்பியபோது, நான் வியாபாரி இல்லை என்று பெருஞ்சித்திரனார் வாங்க மறுத்தாரே. அதுவும் புறநானூறுதான்.

முனிர்க்கா மாடிவீடு:
நான் பார்த்ததைச் சொல்கிறேன். சில வருஷம் முன்னால் ஒரு தமிழ்க் கவிஞருக்கு மொழிபெயர்ப்பாளராக, பெரிய பதவிக்காரர் ஒருவரின் பங்களாவுக்குப் போனேன். இந்தி மொழிபெயர்ப்பைப் பத்து நாள் முன்பே கேட்டு வாங்கினார்கள். ஒரு வரிகூட வெட்டவில்லை. கேட்டில் செல்போனை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்தார்கள். காவலர் தாளை விரித்துப் பார்த்து, மடிப்புக் கலையாமல் மடித்துத் தந்தார். முதல் வரிசையில் தலைவர், முன்னால் தட்டில் முந்திரி. யமுனைக் கரையில் குடிசை இடித்த கவிதை. கடைசி நாலு வரிக்கு வந்ததும் கவிஞர் தலைவர் முகத்தைப் பார்த்தார். நிறுத்திவிட்டுக் கும்பிட்டார். என் கையில் இந்தியில் அந்த நாலு வரியும் இருந்தது. நானும் வாசிக்கவில்லை. ஆட்டோவில் ஐ.டி.ஓ. சந்திப்பு வரைக்கும் ரெண்டு பேரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் அவர், “முந்திரி நல்லா இருந்துச்சுல்ல” என்றார்.

ஆர்.கே.புரம்வாசி:
பாருங்க, யாரும் தடுக்கவில்லை. தப்பு தலைவர்மேலும் இல்லை, ஆள் பொறுக்கினவர்மேலும் இல்லை.

மயூர்விஹார் மாமி:
இவர் நிறுத்திக்கொள்வார் என்று தெரிந்துதானே பொறுக்கியிருப்பார்கள்!

கரோல்பாக் கண்ணாடி:
அதெல்லாம் இருக்கட்டும், அந்த நாலு வரி என்ன?

முனிர்க்கா மாடிவீடு:
சொன்னால் ஆள் யாரென்று கண்டுபிடித்துவிடுவீர்கள். வேண்டாம்.