புரோலின் அடித்தால் கடலை வாடாதா? (டானிக் இழையிலிருந்து பிரித்தது)

செம்மண்காரன்: டானிக் இழையில் வானம்பார்த்தான் எழுதியிருக்கிறார்: "புரோலின் கலந்த டானிக் அடித்தால் 15 நாள் மழை இல்லாவிட்டாலும் கடலை அசையாது." நம்ம ஊர்ச் செம்மண்ணிலா? வாட்டம் கண்ட செடி தானே உண்டாக்கிக்கொள்ளும் அமினோ அமிலம் அது. காய்ச்சல் மாதிரி. காய்ச்சலைப் பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள், இவரும் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்.

வானம்பார்த்தான்: அண்ணே, காய்ச்சல்கூடக் கிருமியை எதிர்க்கத்தான் வருகிறது. செல்லுக்குள் புரோலின் சேர்ந்தால் தண்ணீர் வெளியேறாமல் பிடித்துக்கொள்ளும், புரதம் சிதையாமல் காக்கும். 1954-லேயே ரை என்ற தீவனப்புல்லில் கண்டுபிடித்தாகிவிட்டது. உங்களுக்கு இன்னும் தகவல் வரவில்லை போல.

செம்மண்காரன்: வந்தது தம்பி. வாடவிட்ட புல்லில் புரோலின் கூடியது என்றுதான் பார்த்தார்கள், கூடியதால் புல் பிழைத்தது என்று யாரும் சொல்லவில்லை. நான் சோதனை செய்தவன். இலையை அரைத்து வடிகட்டி, நிறம் காட்டும் நின்ஹைட்ரின் மருந்து விட்டு, ஒரு மணி நேரம் கொதிநீரில் வைத்து, ஆறியதும் தண்ணீரில் கலக்காத டொலுவீன் திரவம் ஊற்றிக் குலுக்கினால் மேலே சிவப்பாகத் தெளியும். அதிகம் சிவந்தது எது தெரியுமா? முதலில் சுருண்ட செடி. தாக்குப்பிடித்த செடியில் வெளிர்சிவப்புதான். இதற்குப் பதில் சொல்லுங்கள்.

கோட்டையூர் ஆச்சி: எதற்கப்பா டானிக்கும் டொலுவீனும்? கறுப்புக் கவுனி நெல் போடுங்கள். அந்தக் கறுப்புச் சாயமே வறட்சியைத் தாங்கும். நம் வீட்டுக் கல்யாணப் பந்தியில் சும்மாவா பரிமாறினார்கள்?

செம்மண்காரன்: ஆச்சி, கவுனியின் கறுப்புச் சாயம், அதாவது ஆந்தோசயனின், அரிசித் தவிட்டில் இருக்கிறது. காய்வது இலை. கவுனி நீண்ட நாள் பயிர் வேறு, கண்மாயில் தண்ணீர் இல்லாத வருஷம் நட்டுப் பாருங்கள். பந்தியும் பயிரும் ஒன்றில்லை.

கோட்டையூர் ஆச்சி: பந்தியைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன தகுதி என்று எனக்குத் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

தேவகோட்டை மாப்பிள்ளை: தைலமர இழையிலும் செம்மண்காரர் இப்படித்தான், தைலமரம் வேண்டாம் என்று எல்லோருக்கும் பாடம் எடுத்தார். கடைசியில் அவர் தோட்டத்து வேலியோரமே தைலமரம்.

செம்மண்காரன்: அது பங்காளி வைத்தது. பேச்சை மாற்றாதீர்கள். முதலில் சுருண்ட செடியில்தான் புரோலின் அதிகம். பதில்?

வானம்பார்த்தான்: 1995-ல் வறட்சி தாங்கும் பயறு ஒன்றின் மரபணுவைப் புகையிலையில் வைத்தார்கள். புரோலின் பலமடங்கு கூடியது, தண்ணீர் இல்லாமலும் வேர் நன்றாக வளர்ந்தது. ஆராய்ச்சி செய்தவர்களில் நம் நாட்டுக்காரரும் உண்டு. இதுவும் காய்ச்சலா?

செம்மண்காரன்: அடுத்த வருஷமே அந்த ஆய்வு வந்த அதே பத்திரிகையில் மறுப்பு வந்ததே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? செல்லில் தண்ணீரைப் பிடித்துவைக்க அந்த அளவு புரோலின் போதாது என்று எழுதினார்கள். அது செடிக்குள் ஊறியது, நீங்கள் மேலே தெளிப்பது. அளவு மிஞ்சினால் செடிக்கு நஞ்சு. மத்தியானம் உங்கள் கொல்லையில் கடலை இலை கைகூப்பி நிற்பதை ரோட்டிலிருந்தே பார்த்தேன். டானிக் எங்கே போயிற்று?

வானம்பார்த்தான்: இலையை மடக்கி வெயிலுக்கு முதுகு காட்டுவதும் தற்காப்புதான். சாயங்காலம் விரிந்ததையும் நின்று பார்த்திருக்கலாம்.

செம்மண்காரன்: டானிக் அடிக்காத என் கடலையும்தான் சாயங்காலம் விரிந்தது! லிட்டருக்கு எத்தனை கிராம் புரோலின்? பாட்டில் சீட்டைப் படம் எடுத்துப் போடுங்கள்.

தேவகோட்டை மாப்பிள்ளை: வேலிப் படத்தையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

வானம்பார்த்தான்: போடுகிறேன் அண்ணே. முதலில் தைலமர இழையில் நீங்கள் அழித்த என் இரண்டு பதிவுகளைத் திரும்பப் போடுங்கள்.