48 மணி நேரத்தில் மெரோபெனத்தை மாற்றலாமா?

கேள்வி: சிறுநீர்த் தொற்றில் தொடங்கிய செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் ஆபத்தான நிலை). மெரோபெனம் (பல வகைக் கிருமிகளை அழிக்கும் ஆன்டிபயாடிக்), வான்கோமைசின் கொடுத்து 48 மணி நேரம் ஆகிறது. ரத்த கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ஈ.கோலை பாக்டீரியா, செஃப்ட்ரையாக்சோன் என்ற குறுகிய வீச்சுள்ள ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்படுகிறது. காய்ச்சல் இறங்கி, ரத்த அழுத்தமும் நிலையாக உள்ளது. இப்போதே மாற்றலாமா, இரண்டு நாள் பார்க்கலாமா?

பதில் 1: காத்திருக்க வேண்டாம். கிராம் பாசிட்டிவ் கிருமி (வான்கோமைசின் கொல்லும் வகை) எதுவும் வளராதபோது வான்கோமைசின் சிறுநீரகத்துக்கு வீண் சுமை; இன்றே நிறுத்துங்கள். மெரோபெனத்துக்குப் பதில் செஃப்ட்ரையாக்சோன் 2 கிராம், நாளுக்கு ஒரு முறை. ஸ்கேனில் அடைப்போ சீழ்க்கட்டியோ இல்லையென்றால் மொத்தம் 7 நாள் போதும். பலன் தரும் முதல் டோஸிலிருந்து எண்ணுங்கள். மருந்து மாற்றிய நாளிலிருந்து எண்ணினால் வீணாக 2, 3 நாள் கூடிவிடும்.

பதில் 2: சரிதான், ஆனால் கிருமியின் பெயரைப் பார்க்காமல் இதே வழியை எல்லோருக்கும் பின்பற்றக் கூடாது. என்டரோபாக்டர் க்ளோயேசி என்றால், அறிக்கையில் செஃப்ட்ரையாக்சோன் வேலை செய்யும் என்றிருந்தாலும் சிகிச்சையின் நடுவே மருந்தைச் சிதைக்கும் ஆம்ப்-சி நொதி பெருகி எதிர்ப்பு வரலாம், செஃபிபைம் என்ற ஆன்டிபயாடிக் பாதுகாப்பானது. இ.எஸ்.பி.எல். (செஃப்ட்ரையாக்சோன் போன்ற மருந்துகளைச் சிதைக்கும் நொதி) உள்ள கிருமி என்றால் மெரோபெனத்திலிருந்து பிப்பரசிலின்-டாசோபாக்டம் மருந்துக்கு இறங்காதீர்கள். இவ்விரண்டையும் ஒப்பிட்ட மெரினோ ஆய்வில் 30 நாள் இறப்பு பிப்பரசிலின்-டாசோபாக்டமில் 12.3%, மெரோபெனத்தில் 3.7%.

பதில் 3: நன்றாகச் சாப்பிடுகிறார், வாந்தி இல்லை, கிருமியும் கட்டுப்படுகிறது என்றால் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரைக்கு மாறலாம். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ கொடுக்கச் சொல்லுங்கள். சேர்த்துக் கொடுத்தால் மருந்து உடலில் சரியாக ஏறாது. சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் நைட்ரோஃப்யூரன்டாயின் வேண்டாம், ரத்தத்தில் போதிய அளவு சேராது. நிறுத்தும் தேதியை இன்றே கேஸ் ஷீட்டில் எழுதிவிடுங்கள்.