மறு: மக்கள்தொகைக் கணக்கெடுப்பால் வேலை எண்ணிக்கை எகிறுவதற்கு ஒரு சொல்

> 'கணக்கெடுப்பு வேலைப்பெருக்கம்' என்றே வைத்துவிடலாமே? தற்காலிகமாக ஆள் எடுப்பதால் எண்ணிக்கை கூடுகிறது, அவ்வளவுதானே?

வணக்கம்.

அவ்வளவுதான் இல்லை. கூடுவது பாதிக் கதை. அமெரிக்காவின் 2010 கணக்கையே பாருங்கள். அந்த மே மாதம் 4,31,000 வேலைகள் கூடின என்று அங்குள்ள தொழிலாளர் புள்ளியியல் துறை முதலில் அறிவித்தது. அதில் 4,11,000 பேர் கணக்கெடுப்புக்கு எடுத்த தற்காலிக ஆட்கள். தனியார் துறையில் கூடியது வெறும் 41,000. அடுத்த மாதம் மொத்தத்தில் 1,25,000 வேலைகள் குறைந்தன. உண்மையில் கணக்கெடுப்பு ஆட்கள் 2,25,000 பேர் வேலை முடிந்து போயிருந்தார்கள். தனியார் துறை 83,000 கூடியிருந்தது. 'பெருக்கம்' என்று வைத்துக்கொண்டு இந்த ஜூனை எப்படி எழுதுவீர்கள்?

என் பரிந்துரை கணக்கெடுப்புப் புடைப்பு. தலையில் இடித்துக்கொண்டால் புடைக்கிறது, சில நாளில் தானே வடிகிறது. 'வீக்கம்' என்றாலும் வடியும்தான், ஆனால் பொருளாதாரக் கட்டுரையில் அதைப் பணவீக்கம் எப்போதோ பிடித்துக்கொண்டுவிட்டது. 'அலை' என்று ஒருவர் சொல்லியிருந்தார். கணக்கெடுப்பின் ஒரு சுற்று என்று படித்துவிடுவார்கள்.

இதற்குத் தனிச்சொல் எதற்கு, பருவகாலச் சீராக்கலில் (வருடா வருடம் வரும் ஏற்ற இறக்கத்தைக் கழித்துக் காட்டுவதில்) அடங்காதா என்ற கேள்விக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். அடங்காது. கிறிஸ்துமஸுக்குக் கடைகள் ஆள் எடுப்பது வருடா வருடம் நடப்பதால் அதன் அளவு தெரியும், கழித்துவிடலாம். இது பத்து வருடத்துக்கு ஒருமுறை வருவது. அதனால் இந்த ஆட்களை முதலில் எண்ணிக்கையிலிருந்து நீக்கிவிட்டுச் சீராக்கலைச் செய்கிறார்கள், அப்புறம் திரும்பச் சேர்க்கிறார்கள். அவர்கள் எத்தனை பேர் என்பதைத் தனியாகவும் வெளியிடுவதால் யார் வேண்டுமானாலும் கழித்துப் பார்க்கலாம். இன்னொரு விஷயம்: அங்கே வேலைக் கணக்கை நிறுவனங்களிடமும் வீடுகளிலும் தனித்தனியாக எடுக்கிறார்கள். நிறுவனங்களிடம் எடுக்கும் கணக்கு, மாதத்தின் 12ஆம் தேதி அடங்கிய சம்பளக் காலத்தில் பட்டியலில் இருந்த வேலைகளை எண்ணுகிறது, ஆட்களை அல்ல. பகலில் கடையில் வேலை, மாலையில் கணக்கெடுப்புப் படிவம் அனுப்பாத வீடுகளின் கதவைத் தட்டும் வேலை என்றிருப்பவர் அதில் இரண்டாக வருவார். வீடுகளில் எடுக்கும் கணக்கில் அவர் ஒருவர்தான். அதனால் புடைப்பு முழுதாகத் தெரிவது நிறுவனக் கணக்கில்தான்.

(இந்தியாவில் இந்தச் சொல்லுக்குத் தேவை வராததற்குக் காரணம் உண்டு. 2011இல் சுமார் 27 லட்சம் பேர் கணக்கெடுத்தார்கள். பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள். ஏற்கெனவே சம்பளப் பட்டியலில் இருப்பவர்களுக்கு மதிப்பூதியம் கொடுத்தால் எங்கிருந்து புடைக்கும்?)

சொல் கிளைக்கிறதா என்றும் பார்த்தேன். புடைப்பு வடிதல், புடைப்பு நீக்கிய எண்ணிக்கை: இரண்டும் இடறாமல் வருகின்றன. 2010 ஜூனுக்கு "புடைப்பு நீக்கினால் 1 லட்சம் வேலைகள் கூடுதல்" என்று தலைப்பே போடலாம். மே மாதத்துக்கு அதே கணக்கில் 20,000தான் தேறும்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். 'கணக்கெடுப்புப் புடைப்பு' என்பதில் 'ப்பு' இரண்டுமுறை வருவது எனக்கும் கொஞ்சம் உறுத்துகிறது. 'குடிக்கணக்குப் புடைப்பு' பரவாயில்லையா?