விலையும் நாளும் முன்பே முடிவான வேலைக்கு ஸ்கிரம் ஒத்துவருமா?

கேள்வி – பிரிக்பீல்ட்ஸ்வாசி

வணக்கம். நாங்கள் நால்வர் சேர்ந்து இணையச் செயலிகளைச் செய்து தருகிறோம். மளிகை மொத்த வணிகர் ஒருவர், கடைக்காரர்கள் இணையத்திலேயே ஆர்டர் கொடுக்கவும், அதற்குரிய இ-இன்வாய்ஸ் (மின்னணு விலைப்பட்டியல்) மலேசிய உள்நாட்டு வருமான வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்திற்குச் செல்லவும் ஒரு செயலி கேட்கிறார். விலையையும் ஒப்படைக்கும் நாளையும் இப்போதே எழுதித் தரவேண்டுமாம்.

முன்பு இதே போன்ற வேலையில், தேவைகளையெல்லாம் 80 பக்கத்தில் எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொண்டு, ஐந்து மாதம் கழித்துத் திரையைக் காட்டினோம். "வெங்காயத்தை அரை மூட்டையாகவும் பிரித்துக் கொடுப்போமே, அதற்கு இடமே இல்லையே?" என்றார் அந்த முதலாளி. அளவு என்ற கட்டம் முழு எண்ணை மட்டுமே ஏற்றது. இப்படி ஒவ்வொரு கட்டத்தையும் முழுதாக முடித்தபின் அடுத்ததற்கு இறங்கும் வாட்டர்ஃபால் முறையைக் கைவிட்டு, சிறு சிறு பகுதியாகச் செய்து அடிக்கடி காட்டும் ஸ்கிரம் முறைக்கு மாறிவிடலாமா?

மறுமொழி – பாயான் லெப்பாஸ்காரர்

வாட்டர்ஃபாலின் தொடக்கமாகக் காட்டப்படும் 1970ஆம் ஆண்டுக் கட்டுரையில் கணினி அறிஞர் வின்ஸ்டன் ராய்ஸ் படிப்படியாக இறங்கும் வரைபடத்தைப் போட்டுவிட்டு, சோதனை கடைசியில் வருவதால் இப்படியே செய்வது தோல்விக்கு வழிவகுக்கும் என்றுதான் எழுதினார். வாட்டர்ஃபால் என்ற சொல்லே அதில் கிடையாது. உங்களைக் கவிழ்த்தது 80 பக்கம் அன்று, ஐந்து மாதம் எதையும் காட்டாததுதான். ஸ்கிரமில் ஒரு ஸ்பிரிண்ட், அதாவது செய்து காட்டும் ஒரு வேலைச் சுற்று, ஒரு மாதத்தைத் தாண்டக் கூடாது என்பதால், அரை மூட்டை முதல் மாதத்திலேயே வெளிப்பட்டிருக்கும். ஆனால், முடிவெடுக்கும் உரிமையுள்ள ஒருவரை வணிகர் புரொடக்ட் ஓனராக, அதாவது எது முதலில் வேண்டும் என்று சொல்பவராக, தரவேண்டும். அது நடக்காவிட்டால் நீங்கள் செய்வது ஸ்கிரம் வழக்கப்படி தினமும் நின்றுகொண்டு பேசும் வாட்டர்ஃபால்தான்.

மறுமொழி – பட்டர்வொர்த் நிரலர்

மேலே சொன்னதை ஏற்கிறேன், ஒரு திருத்தத்துடன். இ-இன்வாய்ஸ் பகுதிக்கு ஸ்பிரிண்ட் தோறும் முதலாளியிடம் கருத்துக் கேட்பதில் பயனில்லை, ஏனெனில் அங்கே விதி வாரியத்தினுடையது. 2024 ஆகஸ்டு முதல் கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வந்த அம்முறையில், தளம் சரிபார்த்த இன்வாய்ஸை 72 மணி நேரத்திற்குள் மட்டுமே ரத்துச் செய்யலாம். அதற்குப் பிறகு கிரெடிட் நோட் (தொகையைக் குறைக்கும் குறிப்பு) போன்ற ஆவணத்தால்தான் சரிக்கட்ட வேண்டும். வருமான வரி எண், பொருள் வகைக் குறியீடு ஆகியவற்றுக்கான தரவுத்தள அமைப்பை முதலிலேயே உட்கார்ந்து முடிவு செய்து, வாரியத்தின் சோதனைத் தளத்தில் அனுப்பிப் பாருங்கள். ஆர்டர் திரைகளை மட்டும் இரண்டு வாரத்திற்கு ஒருமுறை காட்டுங்கள்.

ஒப்பந்தத்தில் விலையும் நாளும் நிற்கட்டும். புதிதாக ஒன்று வேண்டுமென்றால், அதே அளவு வேலையுள்ள, இன்னும் தொடங்காத ஒன்றை எடுத்துவிடலாம் என்று ஒரு வரி சேருங்கள். எங்களைக் காப்பாற்றியது அந்த வரிதான். செயலி ஓடத் தொடங்கியபின் பழுதுகள் நாள் பார்த்து வருவதில்லை. அப்போது ஸ்பிரிண்டை விட்டுவிட்டு, ஒரே நேரத்தில் இத்தனை வேலைதான் என்று வரம்பு வைக்கும் கன்பானுக்கு மாறிக்கொள்ளலாம்.

பிரிக்பீல்ட்ஸ்வாசி

இருவருக்கும் மிக்க நன்றி. வணிகரிடம் பேசிவிட்டேன். மாற்றிக்கொள்ளும் அந்த நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டார். கிடங்கைக் கவனிக்கும் தம்பியை ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வெள்ளிக்கிழமையன்று அனுப்புவதாகவும் சொல்லியிருக்கிறார். முதல் வெள்ளிக்கு அளவுத் திரையைத்தான் வைத்திருக்கிறோம்.