ஏழரைச் சனி: கடிகாரங்களோடு பிரிட்ஜ் ஆடிய கதைகள்

திருச்சியிலிருந்து (குழுவை நடத்துபவன்):

சனிக்கிழமை இரவு ஏழரை மணிக்கு ஆட்டம் என்று முடிவானதுமே வீட்டில் எச்சரித்தார்கள். "சனியையும் ஏழரையையும் சேர்த்து வைக்கிறீங்களே, உருப்படுமா?" என்றாள் மனைவி. அன்றிலிருந்து எங்கள் பிரிட்ஜ் சீட்டாட்டக் குழுவுக்கு அதுவே பெயராகிவிட்டது: ஏழரைச் சனி. பிடித்தால் லேசில் விடாது என்பதாலும் பொருத்தம்தான்.

தொடங்கியது 2020இல். மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது, நாங்கள் இருபது வருடமாக ஆடிக்கொண்டிருந்த மனமகிழ் மன்றத்தைப் பூட்டினார்கள். பிரிட்ஜுக்கு நான்கு பேர் வேண்டும், நால்வரும் ஒரே மேசையைச் சுற்றி முகம் பார்த்து உட்கார வேண்டும். அந்த நாட்களில் அதைவிட ஆகாத காரியம் வேறில்லை. பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன் என்ற தளத்தில் இதையே ஆடலாம் என்று நண்பர் ஒருவரின் மகன் காட்டிக்கொடுத்தான். முதல் வாரம் ஒரே மேசை, நாலு பேரும் திருச்சி. பிறகு ஒருவர் டொராண்டோவில் இருக்கும் தங்கையை இழுத்து வந்தார், அந்தத் தங்கை சிட்னியில் ஒரு தோழியை. ஆறே மாதத்தில் லண்டன், சிங்கப்பூர் எல்லாம் வந்துவிட்டது. இப்போது ஆறு ஏழு மேசை ஓடுகிறது. 16 போர்டு (ஒரு தடவை சீட்டைப் போட்டு ஆடி முடிப்பது ஒரு போர்டு), போர்டுக்கு ஏழரை நிமிடம் (அங்கேயும் ஏழரை!), இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுவோம்.

ஆட்டத்தை நடத்துவதில் பெரிய கஷ்டம் இல்லை. சீட்டைக் கலைப்பது, போடுவது, கணக்குப் பார்ப்பது எல்லாம் கணினியின் வேலை. என்னைப் படுத்தியது மணிதான்.

இங்கே இரவு ஏழரை என்றால் சிங்கப்பூரில் பத்து. லண்டனில் மதியம் இரண்டு, அவர்கள் கோடையில் மூன்று. டொராண்டோவில் காலை ஒன்பது, கோடையில் பத்து. இதுவரை எல்லாம் சுகம். சிட்னியில்? ஞாயிறு பிறந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அவர்கள் ஊர் குளிர்காலத்தில் சரியாக நள்ளிரவு.

கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கும் வழக்கம் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு தேதியில் தள்ளும் என்பது உறைத்தது 2024 மார்ச்சில்தான். டொராண்டோ மார்ச் 10 அன்று தள்ளியது. லண்டன் மார்ச் 31. சிட்னியில் அதற்கு நேர்மாறாகக் கோடை முடிந்து ஏப்ரல் 7 அன்று பின்னே இழுத்தார்கள். நாங்களும் சிங்கப்பூரும் மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்த இடத்திலேயே இருந்தோம்.

மார்ச் 16, சனிக்கிழமை. ஏழரைக்கு ஐந்து நிமிடம் முன்பு காபியோடு உட்கார்கிறேன். வாட்ஸ்அப்பில் 43 செய்திகள். வெளிநாட்டுக்காரர்கள் பதினொரு பேர் ஆறரைக்கே வந்து, காத்திருந்து, திட்டி, போயே போய்விட்டார்கள். எங்களிடம் இருந்ததோ ஆறு பேர். ஒரு மேசை போக இரண்டு பேர் மிச்சம். காலண்டரில் வாராவாரம் வரும் அழைப்பை உருவாக்கியவர் டொராண்டோவில் இருந்தவர். அது டொராண்டோ காலை ஒன்பதைப் பிடித்துக்கொண்டு கூடவே நகர்ந்திருக்கிறது. நான் குழுவில் ஒட்டி வைத்திருந்த செய்தியோ ஏழரை என்றது. காலண்டரை நம்பியவன் ஒரு பக்கம், என்னை நம்பியவன் ஒரு பக்கம்.

அதற்குப் பிறகு ஒரு முடிவு எடுத்தேன்: நகராத கடிகாரத்தில்தான் ஆணி அடிக்க வேண்டும். எல்லா அழைப்பும் இந்திய நேரத்தில். நடுநிலையாக இருக்கட்டுமே என்று ஒரு மாதம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்திலும் போட்டுப் பார்த்தேன். "யூடிசி எந்த ஊர்ல இருக்கு தம்பி, அங்க நமக்கு யாரும் இல்லையே" என்று பெரியவர் ஒருவர் கேட்டதோடு அதைக் கைவிட்டேன்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள். திட்டுவதானாலும் சரி.

டொராண்டோவிலிருந்து:

அந்தக் காலண்டர் அழைப்பை உருவாக்கியது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அண்ணா ஒன்றை விட்டுவிட்டார். "நகராத கடிகாரத்தில் ஆணி" என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆணி அடித்தவர்களுக்கு வருடம் முழுக்க ஏழரை. எங்களுக்கு மார்ச்சில் ஒரு தடவை, நவம்பரில் ஒரு தடவை எல்லாம் மாறும். பையனின் சனிக்கிழமை நீச்சல் வகுப்பு பத்தரைக்கு. குளிர்காலத்தில் ஒன்பதுக்கு உட்கார்ந்தால் பாதி ஆட்டத்தில் ரோபோவை என் இடத்தில் விட்டு ஓடுவேன். கோடையில் பத்து மணி ஆட்டமென்றால் இரண்டு போர்டுகூடத் தேறாது. அதனால் மார்ச் முதல் அக்டோபர் முடிய நான், இந்தியாவில் ஞாயிறு காலையில் வைக்கும் இன்னொரு ஆட்டத்துக்கு மட்டும்தான்.

நான் விட்டுப்போன இடத்தில் ரோபோ ஒரு ஸ்லாம் (பதின்மூன்று பிடியில் ஒன்றுக்கு மேல் விடாத ஆட்டம்) அடித்துக் கொடுத்ததும், என் பார்ட்னர் "நீ அடிக்கடி போம்மா" என்று எழுதியதும் வேறு கதை.

சிட்னியிலிருந்து:

ஆடுவது நான் இல்லை, அம்மா. வயது 74. நான் கணினியைத் திறந்து கொடுக்கும் ஆள்.

முதல் வாரம் அறிவிப்பில் "சிட்னி: ஞாயிறு நள்ளிரவு 12" என்று போட்டிருந்தார்கள். அம்மா சனிக்கிழமை நன்றாகத் தூங்கி எழுந்து, ஞாயிற்றுக்கிழமை இரவு தலை சீவி, பொட்டு வைத்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆட்டம் முடிந்து கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகியிருந்தது. நான் விளக்கப் பார்த்தேன். "பொழுது விடிஞ்சாத்தான்டி ஞாயிறு" என்றார். பஞ்சாங்கக் கணக்கில் அவர் சொல்வதுதான் சரி. அதில் உதயத்திலிருந்து உதயம் வரை ஒரு நாள், ராத்திரி ஒரு மணியும் சனிக்கிழமையின் வால்தான். இப்போது குழுவில் எங்களுக்காகவே "சனி ராத்திரி, படுக்காமல்" என்று எழுதுகிறார்கள்.

பிரிஸ்பேனில் மாமா இருக்கிறார். சிட்னிக்கு நேர் வடக்கு. ஆனால் அந்த மாநிலம் கடிகாரத்தைத் தொடுவதில்லை. அதனால் கோடையில் அம்மா ஒரு மணிக்கு ஆடுவார், மாமா பன்னிரண்டுக்கு. இரண்டு பேரும் ஒரே மேசை.

திருச்சியிலிருந்து:

அம்மாவுக்காகத்தான் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஆட்டத்தை ஞாயிறு காலை ஆறரைக்கு மாற்றினோம். அப்போது சிட்னியில் பதினொன்று அல்லது பகல் பன்னிரண்டு, சிங்கப்பூரில் ஒன்பது, டொராண்டோவில் சனிக்கிழமை இரவு எட்டு, ஒன்பது. எல்லோருக்கும் சௌகரியம், லண்டனைத் தவிர. அங்கே ராத்திரி ஒன்று, கோடையில் இரண்டு. ஒரு ஊரைத் தூங்க விட்டால் இன்னொரு ஊரை எழுப்ப வேண்டியிருக்கிறது. யார் தூக்கத்தைக் கெடுப்பது என்பதை முறை வைத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

சிங்கப்பூரிலிருந்து:

இரவு பத்து, காலை ஒன்பது. இரண்டும் எங்களுக்கு ஒத்துவருகிறது. ஆகவே எங்களை யாரும் எதுவும் கேட்பதே இல்லை. ஆள் குறைந்தால் மட்டும் போன் வரும்.

சென்னையிலிருந்து (டைரக்டர்):

ஆட்டத்தில் தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்லும் வேலை என்னுடையது. மணியைவிட எனக்குத் தலைவலி தந்தது மௌனம்.

தெரியாதவர்களுக்கு: பிரிட்ஜில் நம் பார்ட்னரிடம் பேச உள்ள ஒரே வழி நாம் சொல்லும் ஏலமும் (எத்தனை பிடி பிடிப்போம் என்பது) போடும் சீட்டும்தான். முகம் சுளிப்பது, இழுத்துப் பேசுவது, ரொம்ப நேரம் யோசித்துவிட்டு பாஸ் சொல்வது, இதெல்லாம் பார்ட்னருக்குச் சேதி. அந்தச் சேதியைப் பயன்படுத்தக் கூடாது என்று விதி 16 சொல்கிறது. மன்றத்தில் ஒருவர் யோசிக்கிறாரா, விட்டத்தைப் பார்க்கிறாரா என்று எதிரிலேயே தெரியும். இணையத்தில் தெரிவது வெறும் காத்திருப்பு.

ஒரு ஞாயிறு காலை. எதிரணி நான்கு ஸ்பேட் வரை ஏறிவிட்டது. மயிலாப்பூர் மாமி இரண்டு நிமிடம் கழித்து பாஸ் சொன்னார். அவருடைய பார்ட்னர் உடனே ஐந்து ஹார்ட் என்றார். எதிரணி என்னைக் கூப்பிட்டது: "மாமி தயங்கினதைப் பார்த்துத்தானே இவர் ஏறினார்?" மாமியைக் கேட்டேன். "பால் பொங்கிடுத்துப்பா, அடுப்பைத் துடைச்சிட்டு வந்தேன்" என்றார். நம்புகிறேன். ஆனால் பொங்கியது பால் என்று பார்ட்னருக்குத் தெரியாதே. அவர் பார்த்தது தயக்கத்தைத்தான். கடைசியில் அவர் கையைத் திறந்து பார்த்தேன். ஏழு ஹார்ட், ஏஸ் கிங் குயினோடு. மாமி தயங்கினாலும் தயங்காவிட்டாலும் அந்தக் கைக்காரர் ஏறத்தான் செய்வார். ஆட்டம் அப்படியே நிற்கும் என்று சொன்னேன். எதிரணி இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அதன் பிறகு ஒரு வழக்கம் கொண்டுவந்தோம். எழுந்து போகிறவர்கள் மேசையில் "பால்" என்று தட்டிவிட்டுப் போக வேண்டும். காலிங் பெல் ஆனாலும் பாத்ரூம் ஆனாலும் எழுதுவது "பால்"தான்.

இன்னொன்று, விளக்கம் சொல்வது. நேரில் ஆடும்போது நாம் வழக்கமில்லாத ஏலம் ஒன்றைச் சொன்னால் எச்சரிப்பது பார்ட்னரின் வேலை. இணையத்தில் சொன்னவரே எதிரணிக்கு மட்டும் எழுதிக் காட்ட வேண்டும், பார்ட்னர் கண்ணில் படக் கூடாது. நாற்பது வருடம் மேசையில் ஆடியவர்களுக்கு இது தலைகீழ். காரைக்குடிப் பெரியவர் ஒருவர் ஸ்டேமன் என்ற ஏல முறைப்படி இரண்டு கிளப் சொல்லிவிட்டு, மேசை முழுவதுக்கும் தெரிகிற மாதிரி எழுதினார்: "இது கிளாவர் இல்லை. பார்ட்னர், உங்களிடம் ஸ்பேட் அல்லது ஹார்ட் நாலு இருக்கா?" பார்ட்னரும் பதில் எழுதினார்: "இருக்கு சார்."

அந்தப் போர்டை ரத்து செய்யும்போது எனக்கே சிரிப்பு தாங்கவில்லை.

பேரன் கதையையும் சொல்லிவிடுகிறேன். தாத்தா ஒரு அறையில் ஆட, பேரன் பக்கத்து அறையில் தன் போனில் பார்வையாளனாக நுழைந்து நான்கு கையையும் பார்த்துக்கொண்டிருந்தான். "தாத்தா, அந்தக் கிங் இடது பக்கம் இருக்கு!" என்று சுவர் வழியாகக் கத்தியிருக்கிறான். தாத்தாவே எனக்குப் போன் செய்து சொல்லிவிட்டார், நல்ல மனிதர். ஆனால் 2020இல் சர்வதேச அளவிலேயே, இன்னொரு பெயரில் நுழைந்து எதிரியின் சீட்டைப் பார்த்த சிலர் மாட்டிக்கொண்டார்கள் என்பதை நினைவில் வையுங்கள். அன்றிலிருந்து நம் ஆட்டத்தில் பார்வையாளர் அனுமதி இல்லை.

கோவையிலிருந்து:

நான் ஞாயிறு ஆட்டக்காரன். ஆறு மணிக்கே எழுந்து, வீட்டைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று கதவைச் சாத்திக்கொண்டு, மெதுவாக "டபுள்... சே, டபுள் சொல்லியிருக்கக் கூடாது" என்று முனகுவேன். ஒரு நாள் மகனும் மருமகளும் எதிரில் வந்து உட்கார்ந்தார்கள். முகம் சரியில்லை. "அப்பா, எவ்வளவு விட்டீங்க?" என்றான் மகன். எனக்குப் புரியவில்லை. பாஸ்புக்கைக் கேட்டான். அப்புறம்தான் தெரிந்தது, நான் ஆன்லைன் ரம்மியில் பணம் கட்டி ஆடுகிறேன் என்று இரண்டு வாரமாக இருவரும் தூங்கவில்லை.

நம் ஊரில் கம்ப்யூட்டர், சீட்டு, மூடிய கதவு மூன்றும் சேர்ந்தால் அப்படித்தான் நினைப்பார்கள், குற்றம் சொல்ல முடியாது. இதில் காசே கிடையாது என்று எவ்வளவு சொல்லியும் நம்பிக்கை வரவில்லை. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜ் ஆடி இந்தியாவுக்குத் தங்கம் வாங்கிய பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் படத்தைக் காட்டினேன். பர்தனுக்கு அப்போது 60 வயது. மருமகள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்ப நீங்க எப்ப வாங்கப் போறீங்க மாமா?" என்றாள். அடுத்த ஞாயிறு ஆறு மணிக்கு மேசையில் காபி இருந்தது.

லண்டனிலிருந்து:

நான் பிரிட்ஜுக்கு வந்தது முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டத்திலிருந்து. யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்கு: அதில் ஜாக்தான் ராஜா, 30 புள்ளி. அடுத்தது ஒன்பது, 20. ஏஸ் மூன்றாவது, வெறும் 11. மற்றச் சீட்டுகளையும் சேர்த்து நாலு நிறத்தையும் கூட்டினால் 304. பிரிட்ஜில் கையை எண்ணும்போது ஏஸுக்கு 4, ஜாக்குக்கு 1. பாவம், ஜாக்கை இப்படி இறக்கிவிட்டார்களே என்று இருந்தது. முதல் மாதம் இரண்டு ஜாக் வந்தாலே கை துள்ளும், கேட்பேன், விழுவேன். இன்னொன்று, எங்கள் வீட்டு விறாந்தையில் பார்ட்னருக்குக் கண் காட்டுவது ஒரு கலை. இங்கே டைரக்டர் விதி 16 என்கிறார்!

என் பார்ட்னர் சிட்னியில். ஒரே ஒழுங்கையில் வளர்ந்தவர்கள் நாங்கள். சனிக்கிழமை ஆடினால் அவனுக்குச் சாமம், ஞாயிறு ஆட்டம் என்றால் எனக்குச் சாமம். இரண்டு பேரும் விழித்திருக்கும் நேரத்தில் ஒரு ஆட்டம் வேண்டும் என்று புதன்கிழமை எங்கள் காலை எட்டு மணியைப் பிடித்தோம். ஜனவரியில் அவனுக்கு மாலை ஏழு, வேலை முடிந்து சாப்பிட்டுவிட்டு வருவான். நல்லது. ஜூலையில் அதே எட்டு மணி அவனுக்கு மாலை ஐந்து, கந்தோரில் இருப்பான். இரண்டு ஊரும் எதிரெதிர்த் திசையில் கடிகாரத்தைத் தள்ளுவதால் எங்களுக்கிடையில் தூரம் 11 மணியாகவும் 9 மணியாகவும் மாறிக்கொண்டே இருக்கும், இடையில் சில வாரம் 10. வருடத்தில் பாதி ஆடுவோம், மீதிப் பாதி "எப்படி மச்சான், சுகமா?"தான்.

ஆடும் பாதியிலும் எதிர்ப்பக்கம் இரண்டு பேர் வேண்டுமே. ஒருவர் சிங்கப்பூர், போன் போட்டால் வருவார். மற்றவர் திருச்சி அண்ணை. அவருக்கு அப்போது மதியம் ஒன்றரை.

திருச்சியிலிருந்து:

ஓய்வுபெற்றவனுக்கு ஒன்றரை மணி ஒரு பிரச்சினையா தம்பி. சாப்பிட்டு, இலையை மடித்து, நேரே வந்து உட்காருகிறேன்.

லண்டனிலிருந்து:

வருவது உண்மைதான் அண்ணை. போன புதன் நீங்கள் டம்மி. சீட்டை விரித்து வைத்தால் டம்மிக்கு வேலை இல்லை, சரி. அந்தப் போர்டு முடிந்தது. அடுத்த போர்டில் முதலில் ஏலம் சொல்ல வேண்டியது நீங்கள். ஒன்பது நிமிடம் பார்த்தோம். பால் என்றுகூட எழுதவில்லை.